அம்பு யாரிடமிருந்து கிளம்புகிறது?

மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் ஒரு கடைவீட்டு மாடியில் வாரத்துக்கு மூன்று இரவு படிவம் ஆறு பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். புதிதாக யார் வந்து சேர்ந்தாலும் முதல் நாள் கொடுக்கும் கேள்வி ஒன்றுதான்: எத்தீனும் ஹைட்ரஜன் புரோமைடும் சேர்கின்றன, எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று அம்பு போட்டுக் காட்டு. பாதிப் பேராவது ஹைட்ரஜனில் அம்பைத் தொடங்கி இரட்டைப் பிணைப்பில் கொண்டுபோய்க் குத்துவார்கள். நான் திட்டுவதில்லை. அதே அம்பைப் போட்டுத்தான் படிவம் ஆறின் இறுதித் தேர்வான எஸ்டிபிஎம் மூன்றாம் தவணையில் நானும் மண்ணைக் கவ்வினேன்.

மூன்றாம் தவணை வேதியியல் முழுக்கக் கரிம வேதியியல்தான். நான் அதைச் சரித்திரப் பாடம் மாதிரி படித்தேன். அட்டைகளை வெட்டி, முன்பக்கம் வினைபடுபொருள், பின்பக்கம் விளைபொருள், மூலையில் சிவப்பு மையில் வெப்பநிலை, வினையூக்கி என்று எழுதிவைத்தேன். தேர்வுக்கு முந்தின வாரம் இருநூற்றுச் சொச்சம் அட்டைகள் சேர்ந்திருந்தன. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, காலையில் பேருந்தில் ஒரு கட்டு, இரவில் ஒரு கட்டு. கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பேன். தேர்வுத்தாளில் வந்த மூலக்கூறோ எந்த அட்டையிலும் இல்லை. இருந்தது என்றும் சொல்லலாம். ஓரத்தில் ஒரே ஒரு குளோரின் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அந்தக் குளோரின் வந்து உட்கார்ந்ததால் என்ன மாறும் என்று எனக்கு யோசிக்கவே தெரியவில்லை. கிடைத்தது டி.

மறுதேர்வுக்குப் பெயர் கொடுத்த பிறகு, குளுகோரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறார் என்று பெரியம்மா விசாரித்து வந்து சொன்னார். சனிக்கிழமை தோறும் ஃபெரி பிடித்து அக்கரைக்குப் போய், அங்கிருந்து பேருந்து. அப்போதெல்லாம் பட்டர்வொர்த் பக்கம்தான் காசு வாங்குவார்கள், திரும்பி வரும்போது கிடையாது. படிக்கிற பையனுக்கு அது பெரிய விஷயம்.

முதல் நாளே சார் என் அட்டைக் கட்டுகளை வாங்கி ஒரு காலி மைலோ டின்னுக்குள் போட்டு மூடிவிட்டார். "இது இங்கேயே இருக்கட்டும்பா. பாஸ் பண்ணிட்டு வந்து வாங்கிக்க." எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அப்புறம் பேனாவையும் கீழே வைக்கச் சொன்னார். "எழுதாத. வாயால சொல்லு. இந்த மூலக்கூறுல எலக்ட்ரான் எங்க நெறைய இருக்கு? எங்க பத்தல? யாரு வெளிய போகத் தயாரா இருக்கான்?" நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன், மனப்பாட வாக்கியங்கள். பாதியில் நின்றுவிட்டது. மலாயில் முயன்றேன். அதுவும் நின்றது. "வீட்டுல தம்பிகூட சண்ட போடறப்ப எந்த மொழியில போடுவ?" என்று கேட்டார். தமிழில்தான். "அப்ப தமிழ்லயே சொல்லு. பரீட்சைக்கு மாத்தி எழுதறது ஒரு வாரத்து வேல."

ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளியில் மலாய், படிவம் ஆறில் ஆங்கிலக் குறிப்புகள் என்று வளர்ந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். மூன்று மொழியிலும் சொற்கள் இருக்கும். எந்த மொழியிலும் யோசனை இருக்காது. நியூக்ளியோஃபைல் என்ற சொல்லை இரண்டு வருடம் எழுதியிருக்கிறேன், அதற்குள் ஒரு பொருள் இருப்பதே தெரியாது. தமிழ்நாட்டுப் பாடநூலில் அதைக் கருக்கவர் பொருள் என்றும், எலக்ட்ரோஃபைலை எலக்ட்ரான் கவர் பொருள் என்றும் போட்டிருந்ததைச் சார் காட்டினார். ஒன்று நேர்மின்சுமையுள்ள கருவைத் தேடிப் போவது, மற்றது எலக்ட்ரானைத் தேடி அலைவது. பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது. ஆனால் ஒன்று, தூய தமிழ்ச் சொல் தேடி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நான் இன்றும் பலகையில் எலக்ட்ரான் என்றுதான் எழுதுகிறேன். யோசனை தமிழில் ஓடினால் போதும்.

சரி, அந்த அம்புக்கு வருவோம். வளைந்த அம்பை வினைவழிமுறைக்குப் பயன்படுத்தும் வழக்கம் 1922-இல் கெர்மாக், ராபின்சன் இருவரும் எழுதிய கட்டுரையிலிருந்து வருகிறது. இந்த ராபின்சன்தான் 1947-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். அம்பு காட்டுவது ஒரு ஜோடி எலக்ட்ரான் போகும் வழியை. வால் இருக்கும் இடத்தில் எலக்ட்ரான் இருந்தாக வேண்டும்: தனித்த ஜோடியாகவோ, ஒரு பிணைப்பாகவோ. ஹைட்ரஜன் புரோமைடில் புரோமின் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதால் ஹைட்ரஜன் வெறுங்கையோடு நிற்கிறது. வெறுங்கையோடு நிற்பவன் வீட்டிலிருந்து சீர்வரிசைத் தட்டு எப்படிக் கிளம்பும்? எத்தீனின் இரட்டைப் பிணைப்பிலிருந்து முதல் அம்பு கிளம்பி ஹைட்ரஜனுக்குப் போகும். ஹைட்ரஜனுக்கு ஒரு கைதான், ஆகவே ஏற்கெனவே பிடித்திருந்த கையை விட்டாக வேண்டும்: ஹைட்ரஜன்-புரோமின் பிணைப்பின் நடுவிலிருந்து புரோமினுக்கு இரண்டாவது அம்பு. இப்போது ஒரு கார்பனில் நேர்மின்சுமை, புரோமினில் எதிர்மின்சுமை. புரோமைடின் ஜோடி அந்தக் கார்பனுக்குப் போவது மூன்றாவது அம்பு. மூன்று அம்பு, கதை முடிந்தது.

இதிலேயே இன்னொரு பழக்கமும் வந்துவிடும். ஒவ்வொரு படி முடிந்ததும் மொத்த மின்சுமையைக் கூட்டிப் பாருங்கள். தொடக்கத்தில் சுழி என்றால் கடைசி வரை சுழிதான். கூடவே கார்பனின் கைகளையும் எண்ணுங்கள். ஐந்து கை முளைத்திருந்தால் எங்கோ ஓர் அம்பு விட்டுப்போயிருக்கிறது. இந்த இரண்டு சோதனையும் சேர்ந்து அரை நிமிடம்கூட ஆகாது. என் பிள்ளைகளின் தவறுகளில் பெரும்பகுதி இதிலேயே அகப்பட்டுக்கொள்கிறது.

புரோப்பீன் வந்ததும் எல்லோரும் மார்கோவ்னிகோவ் விதியை ஒப்பிப்பார்கள்: ஹைட்ரஜன் அதிகமுள்ள கார்பனுக்கே ஹைட்ரஜன் போகும். நானும் ஒப்பித்தவன்தான். அவர் அதை 1870-இல் வெளியிட்டபோது எலக்ட்ரானையே யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை. தாம்சன் கண்டுபிடித்தது 1897-இல். காரணம் தெரியாமல், பார்த்ததை வைத்துச் சொன்ன விதி அது. அவருக்கு அது சாதனை. நூற்றைம்பது வருடம் கழித்து நாமும் காரணம் தெரியாமல் சொன்னால் எப்படி? ஹைட்ரஜன் ஓரக் கார்பனில் ஒட்டினால் நேர்மின்சுமை நடுக் கார்பனில் விழும். அதற்கு இரண்டு பக்கமும் கார்பன் குழுக்கள் இருந்து கொஞ்சம் எலக்ட்ரானைத் தள்ளிக்கொடுக்கும், சுமை தாங்கும். மாற்றி ஒட்டினால் சுமை ஓரத்தில் விழும், தாங்க ஒரு பக்கம்தான் ஆள். சார் உடனே அடுத்த கேள்வியைப் போட்டார்: புரோப்பீனின் மெத்தில் குழுவில் மூன்று ஹைட்ரஜனுக்குப் பதிலாக மூன்று ஃப்ளோரின் இருந்தால்? விதியை ஒப்பித்தால் தப்பான விடை வரும். மூன்று ஃப்ளோரின் எலக்ட்ரானை உறிஞ்சிக்கொண்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எந்த நேர்மின்சுமை உட்கார விரும்பும்? அது தள்ளி ஓரத்துக்குப் போகிறது, புரோமினும் ஓரத்தில்தான் ஒட்டுகிறது. அன்றைக்குத்தான் அட்டைக் கட்டின் மேல் எனக்கிருந்த பாசம் போயிற்று.

இழுப்பதும் தள்ளுவதும் வெறும் பேச்சாக இருந்தால் நம்பிக்கை வராது. எண் வேண்டும். அதற்கு அமிலங்களை விட நல்ல அளவுகோல் இல்லை. அமிலத்தின் வலுவைக் காட்டும் எண் பி.கே.ஏ. அது குறையக் குறைய அமிலம் வலுக்கும். ஒன்று குறைந்தால் பத்து மடங்கு. அசெட்டிக் அமிலம் 4.76. அதில் ஒரு குளோரின் ஏறினால் 2.86, மூன்று ஏறினால் 0.65. குளோரின் எலக்ட்ரானை இழுப்பதால், புரோட்டான் போன பிறகு மிஞ்சும் எதிர்மின்சுமை பகிர்ந்துகொள்ளப்படுகிறது. சுமை குறைந்தால் புரோட்டானை விட்டுக்கொடுப்பது சுலபம். தூரம் போகப் போக இந்தத் தூண்டல் விளைவு தேய்வதையும் பார்க்கலாம். பியூட்டனாயிக் அமிலம் 4.82. அமிலக் குழுவை அடுத்த கார்பனில் குளோரின் இருந்தால் 2.86, ஒன்று தள்ளி இருந்தால் 4.05, இன்னும் ஒன்று தள்ளி இருந்தால் 4.52. பூஜை அறையில் போட்ட சாம்பிராணி மாதிரி என்பார் சார்: அங்கே கண் எரியும், கூடத்தில் வாசம் வரும், அடுப்படிக்குப் போனால் போட்டார்களா என்று கேட்க வேண்டியிருக்கும். தேர்வுத்தாளில் என்னைக் கவிழ்த்த அந்த ஒற்றைக் குளோரினுக்கு விடை இந்த நான்கு எண்களுக்குள் இருந்தது.

எனக்கு நெருக்கமான ஜோடி வேறு: ஃபார்மிக் அமிலம் 3.75, அசெட்டிக் அமிலம் 4.76. பாட்டி ரப்பர் தோட்டத்தில் மரம் சீவியவர். பிற்பாடு தாத்தா வைத்திருந்த சின்னத் தோட்டத்தில் பாலைத் தட்டில் ஊற்றி ஆசிட் கலந்து உறைய வைப்பார்கள். அந்த ஆசிட் ஃபார்மிக் அமிலம். பாலில் மிதக்கும் ரப்பர் துகள்களின் மேல் எதிர்மின்சுமை இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு சேராமல் இருக்கின்றன. அமிலம் அந்தச் சுமையைத் தணித்ததும் கட்டிப்படுகின்றன. அசெட்டிக் அமிலத்திலும் உறையும், ஆனால் அதிகம் ஊற்ற வேண்டும். இரண்டுக்கும் கட்டமைப்பில் உள்ள வேறுபாடு ஒரு ஹைட்ரஜன் இருந்த இடத்தில் ஒரு மெத்தில், அவ்வளவே. மெத்தில் எலக்ட்ரானைத் தள்ளுகிறது, அமிலம் பத்து மடங்கு மெலிகிறது. பாட்டியிடம் இதை விளக்கியபோது, "அந்த ஆசிட்டு கையில பட்டா தோலு உரியும், அத எழுதினியா பரீட்சையில?" என்று கேட்டார்.

ஒரே மூலக்கூறைப் பல வடிவங்களில் வரைந்து காட்டும் உடனிசைவு (ரெசொனன்ஸ்) எனக்கு லேசில் பிடிபடவில்லை. நான்கைந்து வடிவங்களை வரைந்து நடுவே இருமுனை அம்பு போட்டால், மூலக்கூறு ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தாவுவதில்லை. எல்லாம் கலந்த ஒரே நிலைதான் உண்மை. நம் கோடுகளால் அதை ஒரே படத்தில் வரைய முடியாததால் பல படங்கள். இது புரிந்தது அக்கா கல்யாணத்தில், ஆலாத்தித் தட்டைப் பார்த்தபோது. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கிறதே, அங்கே நடப்பது இதுதான். மஞ்சளின் குர்குமின் மூலக்கூறிலிருந்து சுண்ணாம்பு ஒரு புரோட்டானைப் பறிக்கிறது. மிஞ்சும் எதிர்மின்சுமை ஓர் ஆக்சிஜனில் ஒடுங்கிக் கிடக்காமல் நீண்ட சங்கிலி நெடுகப் பரவுகிறது. பரவிய எலக்ட்ரானை எழுப்ப முன்னைவிடக் குறைந்த ஆற்றலுள்ள ஒளியே போதும், அதனால் உறிஞ்சும் நிறம் மாறி நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சள். வகுப்பில் இதைச் செய்து காட்ட ஒரு ரிங்கிட்கூடச் செலவாகாது.

பரவினால் நிலைக்கும் என்பதற்கும் எண் இருக்கிறது. பி.கே.ஏ. எத்தனாலுக்கு 16, ஃபீனாலுக்கு 10: பத்து லட்சம் மடங்கு. ஃபீனாலில் ஒரு நைட்ரோ குழுவை மெட்டா இடத்தில் (வளையத்தில் ஒன்று தள்ளி) வைத்தால் 8.4, பாரா இடத்தில் (நேர் எதிரே) வைத்தால் 7.15. பாரா இன்னும் தூரம், தூண்டல் மட்டும் என்றால் அங்கே விளைவு குறைந்திருக்க வேண்டும். கூடியிருக்கிறது என்றால், பாராவில் இருக்கும் நைட்ரோ உடனிசைவு வழியாக எதிர்மின்சுமையைத் தன் ஆக்சிஜன் வரை வாங்கிக்கொள்கிறது. மெட்டாவுக்கு அந்தப் பாதை கிடையாது. நம்பாவிட்டால் வரைந்து பாருங்கள். மெட்டாவில் அம்பு போய்ச் சேராது.

பென்சீன் வளையத்தில் ஒரு குளோரின் ஒட்டிய குளோரோபென்சீனில்தான் பிள்ளைகள் எல்லோரும் இடறுவார்கள். எலக்ட்ரானை இழுக்கும் நைட்ரோ குழு வளையத்தைச் சோம்பலாக்கி, அடுத்து வருபவரை மெட்டாவுக்கு அனுப்புகிறது. நைட்ரோபென்சீனை மறுபடி நைட்ரோ ஏற்றினால் சுமார் 93 சதவீதம் மெட்டாதான். தள்ளும் மெத்தில் வளையத்தைச் சுறுசுறுப்பாக்கி ஆர்த்தோ (பக்கத்து இடம்), பாராவுக்கு அனுப்புகிறது. டொலுவீன் பென்சீனைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகம். குளோரினோ இழுக்கிறது, வளையத்தைச் சோம்பலாக்குகிறது, வேகம் பென்சீனில் முப்பதில் ஒரு பங்கு. ஆனால் அனுப்புவது ஆர்த்தோ, பாராவுக்கு. இதென்ன நியாயம்?

சார் இதற்கு ஒரு மாமா கதை வைத்திருந்தார். வருடம் முழுக்க நம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கைமாற்று வாங்கிக்கொண்டு போகிற தாய்மாமன். வீட்டில் எப்போதும் தட்டுப்பாடு. ஆனால் பிள்ளைக்குச் சடங்கு என்று வந்துவிட்டால் எங்கிருந்தோ புரட்டிக்கொண்டு சீரோடு முதல் ஆளாக வந்து நிற்பார். குளோரின் அந்த மாமா. சாதாரண நேரத்தில் தூண்டல் வழியாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அதனால் வினை மெதுவாகிறது. வரும் நைட்ரோ ஆர்த்தோவிலோ பாராவிலோ ஒட்டும்போது, பரவுகிற நேர்மின்சுமை ஒரு வடிவத்தில் குளோரின் உட்கார்ந்திருக்கும் கார்பனின் மேலேயே விழுகிறது. அப்போது தன் தனித்த ஜோடியை எடுத்து நீட்டுகிறது. மூன்று வடிவத்தோடு நான்காவதாக ஒன்று கிடைக்கிறது. மெட்டாவில் ஒட்டினால் சுமை அந்தக் கார்பனுக்கு வருவதே இல்லை. மாமா சீரோடு மண்டபத்துக்கு வருகிறார், சடங்கு வேறு மண்டபத்தில்.

கதை நினைவில் நிற்கும். மதிப்பெண் அந்த நான்காவது வடிவத்துக்குத்தான். ஒரு பையன் உண்மையாகவே பயிற்சித்தாளில் மாமாவைப் பற்றி எழுதிவைத்தான், அதனால் சொல்கிறேன்.

ஒரு குழு வெளியேறி அதன் இடத்துக்கு இன்னொன்று வரும் வினைகளின் இரண்டு வகையான எஸ்.என்.1, எஸ்.என்.2 பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதே மூன்று கேள்விதான். கார்பனைச் சுற்றிக் கூட்டம் குறைவாக இருந்தால் கருக்கவர் பொருள் பின்பக்கமாக நேரே வந்து மோதலாம். கூட்டம் நெருக்கினால், வெளியேறுபவன் முதலில் போகட்டும் என்று காத்திருக்க வேண்டும். போன பிறகு நிற்கும் நேர்மின்சுமையைத் தாங்க ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எஸ்டர் உடையும் வினையான நீராற்பகுப்பு மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது அக்கரைத் தீவின் பெயரிலேயே இருக்கிறது. பினாங் என்றால் மலாயில் பாக்கு. பாக்கிலுள்ள அரெக்கொலின் ஒரு மெத்தில் எஸ்டர். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி மெல்லும்போது வாய்க்குள்ளேயே அந்த எஸ்டர் உடைந்து அரெக்காயிடின் ஆகிறது. பாட்டியின் வெற்றிலைப் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதை வரைந்தேன். முதல் முறை ஹைட்ராக்சைடு வந்து மெத்தாக்சியை ஒரே தள்ளில் வெளியே தள்ளுகிற மாதிரி போட்டேன். தப்பு. எலக்ட்ரான் எங்கே பத்தவில்லை? இரண்டு ஆக்சிஜன் இழுத்துக்கொண்டிருக்கும் கார்போனைல் கார்பனில். ஹைட்ராக்சைடின் ஜோடி அங்கே போகிறது. கார்பனுக்கு ஐந்து கை ஆகக்கூடாது, ஆகவே கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பில் ஒன்று ஆக்சிஜன் மேல் ஏறி உட்காருகிறது. இப்போது நான்கு பக்கமும் ஆள் நிற்கும் ஓர் இடைநிலை. பிறகு மேலே ஏறிய ஜோடி மறுபடி இறங்கி இரட்டைப் பிணைப்பாக, மெத்தாக்சைடு வெளியேறுகிறது. அது லேசில் வெளியேறும் ஆள் அல்ல. எதிர்மின்சுமையோடு மேலிருந்து தள்ளும் ஆக்சிஜன் இருப்பதால் போகிறது. போன கையோடு பக்கத்தில் உருவான அமிலத்தின் புரோட்டானைப் பிடுங்கி மெத்தனால் ஆகிவிடுகிறது. மிஞ்சும் கார்பாக்சிலேட்டில் சுமை இரண்டு ஆக்சிஜனுக்கும் பரவிவிட்டதால் திரும்பி வர வழியில்லை. தூண்டல், உடனிசைவு, வெளியேறும் குழு மூன்றும் ஒரே வெற்றிலைக்குள் அடக்கம். வேதியியல் அழகாக இருக்கிறதே என்று மெல்லத் தொடங்கிவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

படிக்கும் முறையாக அப்போது பழகியது ஒன்று, இன்றும் எல்லோருக்கும் சொல்வது. அந்தக் காலத்து ஃபெரி கடக்கக் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. ஒரு ஃபெரிக்கு ஒரு வினை என்று வைத்துக்கொண்டேன். வெற்றுத்தாள், பென்சில், மறைந்திருக்கும் ஹைட்ரஜன்களையும் தனித்த ஜோடிகளையும் சேர்த்துப் பெரிதாக ஒரு மூலக்கூறு. விளைபொருள் தெரிந்தாலும் தெரியாத மாதிரி, வாய்க்குள் தமிழில் முணுமுணுத்தபடி அம்பு. அக்கரை வந்ததும் தாளை மடித்துப் பையில் போட்டுவிடுவேன். மூன்று நாள் கழித்து அதே வினையைப் பழைய தாளைப் பார்க்காமல் மறுபடி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர், "தம்பி, ஜோசியமா பாக்கறீங்க?" என்று கேட்டது உண்டு. கட்டம் போட்டு முணுமுணுத்தால் அப்படித்தானே தோன்றும்.

மறுதேர்வில் பி வந்தது. மைலோ டின்னை வாங்கிவர மறந்தேபோனேன்.

போன வாரம் வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் பலகையில் நான் எழுதிய மாமா கணக்கைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "சார், குளோரினைவிட ஃப்ளோரின்தானே அதிகமா இழுக்கும்? அப்ப ஃப்ளோரோபென்சீன் இன்னும் மெதுவா இருக்கணும்." எண்ணை எழுதிக் காட்டினேன்: பென்சீனின் நைட்ரோ ஏற்றும் வேகத்தை 1 என்று வைத்தால் குளோரோபென்சீன் சுமார் 0.03, ஃப்ளோரோபென்சீன் சுமார் 0.15. அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. மார்க்கரைக் கையில் கொடுத்தேன். நான்காவது வடிவத்தை வரைந்தாள், அழித்தாள், மறுபடி வரைந்தாள். ஃப்ளோரினின் ஜோடியைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"கார்பனும் ஃப்ளோரினும் ஆவர்த்தன அட்டவணையில ஒரே வரிசை சார். குளோரின் அடுத்த வரிசை, அதோட ஆர்பிட்டால், அதான் எலக்ட்ரான் இருக்கற இடம், பெருசு. கார்பனோட சரியா பொருந்தாது... அப்ப இந்த மாமா கை நீட்டினா எட்டுது, அந்த மாமாவுக்கு எட்டல." கீழே அவளுடைய அப்பா மோட்டார் சைக்கிளில் வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.